கட்லா, ரோகு, மிர்கால்: சினைமீன் குளத்திலிருந்து நுண்மீன் குஞ்சு வரை

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் கரையேறி ஓடும்போதுதான் அவை முட்டையிடும். குளத்தில் வளர்த்தால் வயிறு நிறையச் சினை பிடிக்கும், ஆனால் தானாக வெளியே விடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன்வள அறிவியலாளர்கள் ஹீராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும், மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இவற்றை முட்டையிட வைத்தார்கள். ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுவது அதனால்தான். அதற்கு முன் ஆற்றில் வலைகட்டிப் பிடித்த குஞ்சுதான் விதை. அதில் எது கெண்டை, எது கெண்டையைத் தின்னும் மீன் என்று வளர்ந்த பிறகே தெரியும்.

புதிதாகப் பொரிப்பகம் கட்டுபவர்கள் ஊசி மருந்தின் மேல் வைக்கும் நம்பிக்கையைச் சினைமீன் குளத்தின் மேல், அதாவது முட்டையிட வைப்பதற்காக ஆண், பெண் மீன்களை வளர்க்கும் குளத்தின் மேல், வைப்பதில்லை. ஊசி சினையை முற்ற வைக்காது. முற்றிய சினையை வெளியே விடச் சொல்லும், அவ்வளவே. ஜூன் மாத இரவில் நடக்கப்போவது ஜனவரியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் தொட்டிகளைவிடக் குளத்தைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகப் பேசியிருக்கிறோம்.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது

கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். நன்கு முற்றிய ரோகு ஒரு கிலோ எடைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை தரும். கட்லா ஒரு லட்சத்தை ஒட்டித்தான் தரும். திட்டம் போடும்போது சராசரி 1.2 லட்சம் என்று கையைக் கட்டியே கணக்கிடுங்கள். ஒரு முறைக்கு 40 கிலோ பெண், 40 கிலோ ஆண் என்றால் 48 லட்சம் முட்டை. அதில் 85 சதவீதம் கருவுற்று, கருவுற்றதில் 80 சதவீதம் நீந்தும் குஞ்சாகத் தேறினால் ஏறத்தாழ 32 லட்சம் நுண்மீன் குஞ்சுகள். தமிழ்நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில் 15 முறை ஓட்டினால் 4.8 கோடி.

ஒரு மீனை ஒரு பருவத்தில் ஒரு முறைதான் பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டால் 15 முறைக்கு 1,200 கிலோ சினைமீன் தேவை. முற்றாதது, அடிபட்டது, செத்தது போக 1,500 கிலோ இருப்பு வேண்டும். ஹெக்டேருக்கு 1,500 கிலோ என்ற அளவில் விட்டால் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் நீர்ப்பரப்பு. அதை ஒரே குளமாக வெட்டாமல் அரை ஏக்கர் குளம் ஐந்தாக வெட்டுங்கள். பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு இரண்டு, முட்டையிட்டு ஓய்ந்த மீனுக்கும் அடுத்த தலைமுறைக்கும் ஒன்று. நீர் ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். சித்திரை வெயிலிலும் ஒன்றரை மீட்டருக்குக் கீழே இறங்காத இடமாகப் பாருங்கள்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புதிய நன்னீர் மீன்குஞ்சுப் பொரிப்பகத்துக்கு அலகுச் செலவு 25 லட்சம் ரூபாய் என்று வைத்து, பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் வகுத்தார்கள். இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள். வேலை தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் பல நேரம் சிக்கல்.

தண்ணீர்

இடம் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். பி.எச். 7 முதல் 8.5, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல், வெப்பம் 27 முதல் 30 டிகிரி. போர்வெல் தண்ணீரில் மூன்று குறை இருக்கும். ஒன்று, ஆக்சிஜன் மிகக் குறைவு. இரண்டு, இரும்பு. வெள்ளை பக்கெட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் அதே படிவு முட்டையின் மேலும் ஒட்டும், முட்டை மூச்சடைத்துச் சாகும். மூன்று, அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயு. நேராகப் பொரிப்புத் தொட்டிக்கு விட்டால் குஞ்சின் வயிற்றில் குமிழ் பிடித்து அது மேலே மிதக்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: தண்ணீரை உயரத்திலிருந்து சல்லடைத் தட்டுகள் வழியாகக் கொட்டி, ஒரு திறந்த குளத்தில் ஒரு நாளாவது தேக்கி, அதன் பிறகு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது.

வாய்க்கால் தண்ணீர் என்றால் பிரச்சினை வேறு. அதில் வரும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணுயிர், பொரித்த குஞ்சைக் கடித்தே கொல்லும். மணல் வடிகட்டியும், மேல்நிலைத் தொட்டிக்குள் விழும் வாயில் நுண்வலைப் பையும் இல்லாமல் வாய்க்கால் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. வயலில் பூச்சிமருந்து அடிக்கும் வாரங்களில் வாய்க்காலைத் தொடவே வேண்டாம்.

கட்டுமானம்

இங்கே சொல்வது சீன வட்டப் பொரிப்பகம். பாகங்கள் நான்கு.

மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். மூன்று பொரிப்புத் தொட்டிகளுக்கும் மணிக்கு 8,000 லிட்டர் வீதம் ஓடினால் 24,000 லிட்டர் போய்விடும். ஆகவே கரண்ட் போனால் நிறைந்த தொட்டி ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். ஜெனரேட்டரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டம் நின்றாலே முட்டைகள் அடியில் குவிந்து, கீழே இருப்பவை செத்துவிடும்.

இனப்பெருக்கத் தொட்டி 8 மீட்டர் விட்டம். ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 50 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ மீன் தாங்கும் என்பதால், 80 கிலோ மீனை நெருக்கடி இல்லாமல் விடலாம். தரை நடுவை நோக்கிச் சரிய வேண்டும்; நடுவில் 10 செ.மீ. வடிகுழாய். சுவரை ஒட்டி அடிப்பக்கத்தில் பத்து முதல் பதினைந்து நீர்வாய்கள், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வட்டமாகச் சுழலும். மேலே ஓட்டைக் குழாயில் ஒரு ஷவர். மழை விழுகிற உணர்வையும் ஆக்சிஜனையும் அது ஒருசேரக் கொடுக்கும். உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கட்டும். சொரசொரப்பான சுவரில் உரசிய சினைமீனின் செதில் பெயர்ந்தால் அந்த மீன் அடுத்த ஆண்டு இருக்காது.

பொரிப்புத் தொட்டி 3.6 மீட்டர் விட்டம், நீர் உயரம் 90 செ.மீ. அதன் நடுவில் 1.2 மீட்டர் விட்டத்தில் நுண்வலை கட்டிய உருளை, நடுவில் நிலைக்குழாய். முட்டை வெளிவட்டத்தில் சுழலும், தண்ணீர் மட்டும் வலை வழியாக உள்ளே வந்து நிலைக்குழாய் வழியே வெளியேறும். தரையில் வாத்து மூக்கு வடிவ நீர்வாய்கள் சாய்வாக இருக்கும். இப்படி ஒரு தொட்டியில் முட்டைக்குக் கிடைக்கும் இடம் 8 கன மீட்டர். கன மீட்டருக்கு 7 லட்சம் முட்டை என்றால் 56 லட்சம். 48 லட்சம் முட்டைக்கு ஒரு தொட்டி போதும். ஒரு ஈடு நான்கு நாள் தொட்டியில் இருக்கும், கழுவிக் காயவைக்க ஒரு நாள். மூன்று தொட்டி இருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊசி போடலாம். வேகம் கூட்ட விரும்பினால் தொட்டியைக் கூட்டுங்கள், முட்டையை நெருக்காதீர்கள்.

நான்காவது, முட்டை சேகரிக்கும் தொட்டி. இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். அதற்குள் ஹாப்பா என்னும் வலைத்துணிப் பெட்டியைக் கட்டி இனப்பெருக்கத் தொட்டியின் வடிகுழாயை அதில் விடுவது. அங்கே விழும் தண்ணீருக்கு வேகம் இருந்தால் முட்டை கிழியும். குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும்.

சினைமீன் குளம்

ரோகுவும் மிர்காலும் இரண்டு வயது தாண்டியவை, ஒன்றரை இரண்டு கிலோவுக்கு மேற்பட்டவை. கட்லாவுக்கு மூன்று வயதும் மூன்று கிலோவும் ஆக வேண்டும். மிகக் கிழடான மீனும் வேண்டாம். பெரிய மீன் நிறைய முட்டை தரும் என்று எட்டு கிலோ கட்லாவைக் காப்பாற்றி வைப்பவர்கள் உண்டு. அதைப் பிடித்து ஊசி போடுவதற்குள் மீனும் ஆளும் படும் பாட்டில் பாதிச் சினை வீணாகிறது.

நவம்பர், டிசம்பரில் குளத்தை வடித்துக் காயவைத்துச் சுண்ணாம்பு இடுங்கள். ஜனவரியில் மீனை எடை போட்டு, ஆண் பெண் பிரித்து விடும்போது தீனிக் கணக்கும் தொடங்கிவிடும். நூறு கிலோ தீனிக்கு: கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 45, சோயாப் புண்ணாக்கு 15, மீன் தூள் 8, தாது உப்பும் வைட்டமினும் 2 கிலோ. இதில் புரதம் 29 சதவீதத்தை ஒட்டி வரும். மீன் எடையில் நாளுக்கு 2 முதல் 3 சதவீதம், இரண்டு வேளையாக. மே மாதம் சினை தெரியத் தொடங்கியதும் 1 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். குறைக்காமல் புண்ணாக்கையே கொட்டினால் குடலைச் சுற்றிக் கொழுப்பு கட்டும். வயிறு உப்பியிருக்கும், ஆனால் அது சினை இல்லை. கையில் அழுத்தினால் மெத்தென்று இல்லாமல் இறுகலாக இருக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்த நஞ்சு ஈரலில்தான் முதலில் வேலை செய்யும். முட்டைக்கான கருவுணவை உண்டாக்குவதும் அதே ஈரல்தான்.

சிஃபா என்று எல்லோரும் சொல்லும் புவனேஸ்வரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 'சிஃபாபுரூட்' என்ற சினைமீன் தீவனத்தை உருவாக்கியிருக்கிறது. மீன் முன்கூட்டியே முற்றுவதற்கு அது உதவும். கிடைத்தால், பருவத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து கொடுங்கள்.

கட்லாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொரிப்பகங்களில் கைவிட்டுப் போகும் மீன் இதுதான். அது மேல்மட்டத்தில் மிதக்கும் விலங்கு நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அடியில் போட்ட தீனியை நம்பி வாழாது. ரோகு, மிர்காலோடு நெருக்கி வைத்தால் கட்லா கொழுக்கும், சினை பிடிக்காது. கட்லாப் பெண் குளத்தில் ஹெக்டேருக்கு 1,000 கிலோவுக்கு மேல் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊறவைத்த சாணமும் புண்ணாக்குக் கரைசலும் விட்டு நுண்ணுயிரை வளர்த்து வாருங்கள். தண்ணீர் அடர்பச்சையாகிவிட்டால் உரத்தை நிறுத்துங்கள்.

மார்ச் முதல் வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது நல்லது. புதுநீர் பட்டால்தான் மீனின் உடல் பருவத்தை உணர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மேல்நீர் 34 டிகிரியைத் தாண்டினால் பிடித்த சினையே கரையத் தொடங்கும். ஆழத்தைக் கூட்டுவதும் இரவில் புதுநீர் விடுவதும்தான் அதற்கு வழி.

இந்தக் குளத்தின் பெரும்பகை மீன் பேன். உடம்பில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் தட்டையான பூச்சி. வெறும் கண்ணுக்கே தெரியும். மீன் கரைக் கற்களில் உரசிக்கொண்டு துள்ளினால் இதுதான் காரணம். பேன் முட்டையை மீனின் மேல் இடுவதில்லை, கல்லிலும் கட்டையிலும்தான் இடும். அதனால் மூங்கில் கழிகளையும் பனை மட்டைகளையும் குளத்தில் நட்டு, வாரம் ஒரு முறை எடுத்து வெயிலில் நன்கு காயவைத்து மறுபடி நடுங்கள். பேனின் முட்டைகள் மட்டையோடு வெளியே வந்து காய்ந்துபோகும். மருந்து ஊற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்; சினைமீன் குளத்தில் மருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இரத்தக் கலப்பு

குஞ்சு வளரவில்லை, ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக இருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது என்று விவசாயி பத்து மாதம் கழித்துக் குறை சொல்வார். அப்போது தீனியையும் தண்ணீரையும் குற்றம் சொல்வது எளிது. பல இடங்களில் உண்மையான காரணம் பொரிப்பகத்தின் ஒரே குடும்ப மீன்கள். சொந்தப் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சையே திரும்பத் திரும்பச் சினைமீனாக எடுத்தால் இதுதான் நடக்கும்.

கணக்கு எளிது. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். அதுதான் மரபுக் கணக்கில் நிற்கும் மீன்களின் எண்ணிக்கை. 50 ஆண், 50 பெண் இருந்தால் விடை 100. 45 பெண்ணுக்கு 5 ஆண் போதும் என்று விட்டால் விடை 18தான், குளத்தில் 50 மீன் நீந்தினாலும். ஒன்றை அந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் கூடும் நெருங்கிய இரத்த உறவு வரும். முதலாவதில் அரை சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம். ஆண் மீனை மிச்சம்பிடிப்பதுதான் பொரிப்பகத்தில் மிகவும் விலை கூடிய சிக்கனம்.

ஆகவே ஒவ்வோர் இனத்திலும் ஆணும் பெண்ணும் ஐம்பது ஐம்பதுக்குக் குறையக் கூடாது. ஆண்டுதோறும் நான்கில் ஒரு பங்கை வெளியிலிருந்து வரும் மீனால் மாற்றுங்கள். வெளியிலிருந்து என்றால் மேட்டூர் அணையிலிருந்து என்று பொருள் இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். காவிரிக்குக் கொண்டுவந்து விடப்பட்டவை. நம் நீர்த்தேக்கங்களில் இருப்பவை பெரும்பாலும் பொரிப்பகங்களிலிருந்து இருப்புச் செய்தவையின் வழிவந்தவை. அணையில் பிடித்ததாலேயே அது புது இரத்தம் ஆகிவிடாது. சிஃபா 1992 முதல் நார்வே நாட்டு அறிவியலாளர்களோடு சேர்ந்து தேர்வு முறையில் வளர்த்த ஜெயந்தி ரோகு, புவனேஸ்வரம் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள தேசிய நன்னீர் சினைமீன் வங்கியின் மீன்கள் ஆகியவையே நம்பத் தகுந்த மூலங்கள். பெரிய மீனாக வாங்க வேண்டியதில்லை. விரலளவுக் குஞ்சாகக் கொண்டுவந்து, ஒரு மாதம் தனிக் குளத்தில் வைத்து நோய் பார்த்து, வளர்த்தெடுங்கள். ஜெயந்தி ரோகு வாங்கிப் பழைய ரோகுவோடு ஒரே குளத்தில் கலந்துவிட்டால் வாங்கியதன் பயன் முதல் தலைமுறையிலேயே கரைந்துபோகும். துடுப்பு நுனி வெட்டியோ உடலுக்குள் வைக்கும் பிட் டேக் என்னும் சிறு அடையாளச் சில்லு போட்டோ அடையாளம் வையுங்கள்.

ஒரே தொட்டியில் இரண்டு இனத்தை ஊசி போட்டு விடுவது இன்னொரு பெரிய தவறு. கட்லாவும் ரோகுவும் தாராளமாகக் கலக்கும். அந்தக் கலப்புக் குஞ்சைக் கட்லா என்று விற்றால், அது யாரோ ஒருவரின் குளத்தில் வளர்ந்து இன்னொரு பொரிப்பகத்துக்குச் சினைமீனாகவும் போகும். தொட்டி காலியாக இருக்கிறது என்பதற்காக இதைச் செய்யவே கூடாது.

தேர்வும் ஊசியும்

ஊசிக்கு முந்தின நாள் தீனி இல்லை. விடியற்காலையில் வலை இழுத்து, மீனைத் துணித் தொட்டிலில் எடுத்து வாருங்கள். ஆணின் மார்புத் துடுப்பின் உட்புறத்தை விரலால் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். பெண்ணுக்கு வழவழப்பாக இருக்கும். ஆணின் வயிற்றை லேசாக அழுத்தினால் கெட்டியான விந்துப் பால் ஒரு சொட்டு வர வேண்டும். தண்ணீரில் விட்டதும் அது புகைபோல் கலைந்தால் நல்லது. திரிந்தாற்போல் கட்டியாக நின்றாலோ, நீர்த்திருந்தாலோ அந்த ஆணைத் திருப்பி விடுங்கள்.

பெண்ணுக்கு வயிறு மெத்தென்று, சினைத்துளை சிவந்து உப்பியிருக்கும். இது மட்டும் போதாது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்குழாயைத் துளையில் மெல்லச் செலுத்தி இருபது முப்பது முட்டையை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தட்டில் விடுங்கள். ஆல்கஹால் ஆறு பங்கு, பார்மலின் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலைச் சில சொட்டு விட்டால் ஓரிரு நிமிடத்தில் முட்டை தெளிந்து உள்ளே உட்கரு புள்ளியாகத் தெரியும். உட்கரு நடுவிலேயே இருந்தால் இன்னும் முற்றவில்லை. பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். பெரும்பாலான முட்டைகளில் ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் இன்றிரவே ஊசி. முட்டைகள் சீரற்ற அளவில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் பச்சைச் சினை. வெண்புள்ளி விழுந்து கூழாக இருந்தால் முற்றிக் கரைந்த சினை; அந்த மீனை இந்தப் பருவத்தில் தொட வேண்டாம்.

இப்போது பெரும்பாலும் ஓவாப்ரிம் போன்ற தயார்நிலை மருந்துகள்தான். அதில் ஒரு மில்லியில் சால்மன் மீனின் தூண்டுஹார்மோனை ஒத்த பொருள் 20 மைக்ரோகிராமும் டோம்பெரிடோன் 10 மில்லிகிராமும் உண்டு. ஒரே ஊசிதான், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரத்தில். பெண்ணுக்குக் கிலோவுக்கு: கட்லா 0.4 முதல் 0.5 மி.லி., ரோகு 0.3 முதல் 0.4, மிர்கால் 0.25 முதல் 0.3. ஆணுக்கு மூன்றிலும் 0.1 முதல் 0.2. பருவத் தொடக்கத்தில் மேல் அளவு, ஜூலை நடுவில் சினை நன்றாக முற்றியபின் கீழ் அளவு. மூன்று கிலோ ரோகுப் பெண்ணுக்கு 0.4 வீதம் 1.2 மி.லி. எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் போட்டே பாருங்கள்.

பிட்யூட்டரிச் சாற்றையே பயன்படுத்துபவர்கள் பெண்ணுக்கு முதலில் கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி., ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மி.கி. போடுவார்கள், ஆணுக்கு இரண்டாவது வேளையில் 2 முதல் 3 மி.கி. வேலை இரட்டிப்பு, மீனை இரண்டு முறை பிடிக்க வேண்டும்.

ஊசி போட இரண்டு பேர் வேண்டும். நனைத்த ஸ்பாஞ்சின் மேல் மீனைக் கிடத்தி, ஈரத் துணியால் கண்ணை மூடுங்கள். கண் மூடினால் மீன் அடங்கும். முதுகுத் துடுப்புக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவே, ஒரு செதிலை ஊசி முனையால் லேசாகத் தூக்கி, 45 டிகிரிச் சாய்வில் தலைப்பக்கம் நோக்கித் தசைக்குள் ஒன்றரை செ.மீ. செலுத்துங்கள். ஓவாப்ரிம் கெட்டியானது, மெல்லிய ஊசியில் இறங்காது, 22 கேஜ் எடுங்கள். மெதுவாக அழுத்தி, ஊசியை உருவியதும் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தித் தேயுங்கள். தேய்க்காவிட்டால் மருந்து துளைவழியே கசிந்து வெளியேறிவிடும். "ஊசி போட்டும் மீன் முட்டையிடவில்லை" என்ற புகாரில் கணிசமானது இந்தக் கசிவுதான். இரண்டு மில்லிக்கு மேல் என்றால் இரு பக்கமும் பிரித்துப் போடுங்கள்.

அன்றிரவு

மாலை ஆறு, ஏழு மணிக்கு ஊசி முடித்துத் தொட்டியில் விட்டு ஷவரைத் திறந்துவிடுங்கள். நாலைந்து மணி நேரம் கழித்து அடி நீர்வாய்களையும் திறந்து சுழற்சியை ஏற்றுங்கள். 28 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில், அதாவது அதிகாலையில், ஆண்கள் பெண்ணைத் துரத்தித் தண்ணீர் கொந்தளிக்கும். அப்போது டார்ச் அடிக்கவோ, வலையைப் போட்டுப் பார்க்கவோ கூடாது.

முட்டை தண்ணீர் குடித்து உப்பி, சிறு கண்ணாடி மணிபோல் ஆகும்வரை, அதாவது கடைசிக் கொந்தளிப்புக்குப் பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை விட்டுவைத்து, பிறகு வடிகுழாயைத் திறந்து சேகரிப்பு ஹாப்பாவுக்கு எடுங்கள். 50 மில்லிக் கிண்ணத்தில் ஒரு கிண்ண முட்டையைக் கையால் எண்ணி, மொத்தக் கிண்ணங்களால் பெருக்குங்கள். ஓர் எண்ணிக்கையை எல்லா இனத்துக்கும் பயன்படுத்தாதீர்கள். கட்லா முட்டை பெரிது.

பொரிப்பு

மிதவைபோல ஒரு சிறு இலையைப் பொரிப்புத் தொட்டியின் வெளிவட்டத்து நடுவில் போடுங்கள். நம் 3.6 மீட்டர் தொட்டியில் அந்த வட்டத்தின் சுற்றளவு ஏழரை மீட்டர். முதல் பன்னிரண்டு மணி நேரம் இலை 19 நொடிக்கு ஒரு சுற்று வர வேண்டும். அது நொடிக்கு 0.4 மீட்டர் வேகம். குஞ்சு வெளிவரத் தொடங்கியதும் 50 நொடிக்கு ஒரு சுற்று என்று வால்வைத் திருகுங்கள். ஓடு உடைந்து வரும் குஞ்சுக்கு எலும்பே இல்லை; பழைய வேகத்தில் சுவரில் மோதிச் செத்துப்போகும். எல்லாம் பொரிந்தபின் 25 நொடிக்கு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் குஞ்சு அடியில் குவியும்.

27 முதல் 30 டிகிரியில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரியும். பொரிந்த ஓடு அழுகிக் கோழைபோல் வலையில் ஒட்டும். தண்ணீர் மட்டம் ஏறி, குஞ்சு நிலைக்குழாய் வழியே போய்விடும். முதல் இரவு முழுக்க மணிக்கு ஒரு முறை உள்ளிருந்து மென்பிரஷால் வலையைத் தடவிவிட ஒருவர் விழித்திருக்க வேண்டும். தூங்கிவிட்டால் போவது லட்சக்கணக்கான உயிர்.

மூன்றாம் நாள், சுமார் 72 மணி நேரத்தில், மஞ்சள் கருப் பை கரைந்து குஞ்சு கிடைமட்டமாக நீந்தும். அன்றே நாற்றங்காலுக்கு, அதாவது குஞ்சு வளர்க்கும் சிறு குளத்துக்கு, விடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். நான்கு நாளைத் தாண்டினால் பசியில் நலியும். தண்ணீர் வடித்த சல்லடைக் கிண்ணத்தில் ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 500 குஞ்சு என்பது வழக்கமான கணக்கு. ஈட்டுக்கு ஒரு முறையாவது எண்ணிச் சரிபாருங்கள். பதினெட்டு லிட்டர்ப் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், 25,000 முதல் 30,000 குஞ்சு. குஞ்சு வாங்குபவரின் நாற்றங்காலில் சோப்பு எண்ணெய் தெளித்துப் பூச்சி கொன்றிருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும், குஞ்சு விடுவதற்கு முந்தின நாள். முதுகு நீச்சல் பூச்சி உள்ள குளத்தில் விட்ட நுண்மீன் குஞ்சு மறுநாள் இருக்காது.

தவறுகள் எங்கே

கருவுறுதல் குறைந்தால் முதலில் ஆணைப் பாருங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் நூறு முட்டையை எடுத்து வையுங்கள். தெளிவானவை கருவுற்றவை, வெண்மையானவை வீண். நூற்றுக்கு 70-க்குக் கீழே வந்தால் ஆண்களின் பால் நீர்த்திருக்கும், அல்லது பெண்ணை முந்தி ஆண்கள் ஓய்ந்திருக்கும்.

மீன் பாதி முட்டை விட்டு நின்றால் அளவு குறைவு, அல்லது ஊசி கசிந்தது, அல்லது இரவில் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே போயிருக்கிறது. மீதிச் சினையை விரலால் பிழிந்தெடுக்க முயல வேண்டாம்.

பத்து மணி நேரத்திலேயே ஓடு உடைந்து குஞ்சு குறைமாதமாக வந்தால் தண்ணீர் சூடேறிவிட்டது. 32 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள், மேல்நிலைத் தொட்டிக்கு நிழல் போடுங்கள். முட்டை சுருங்கியே இருந்தால், உப்பவே இல்லை என்றால், பச்சைச் சினையை வற்புறுத்தியிருக்கிறீர்கள்.

முட்டையிட்டு ஓய்ந்த மீனை லிட்டருக்கு 5 மி.கி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் சில நிமிடம் வைத்து, ஐந்தாவது குளத்தில் விடுங்கள். அடுத்த பதினைந்து நாள் தீனியைக் குறைக்காதீர்கள். எந்த அடையாள எண், என்ன எடை, என்ன அளவு ஊசி, எத்தனை மணிக்கு, எவ்வளவு முட்டை என்று அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். ஜனவரியில் யாரை வைத்துக்கொள்வது, யாரைச் சந்தைக்கு அனுப்புவது என்று பிரிக்கும்போது அந்த நோட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டும்.